முந்நூறு இடி

சீடருக்கு வயது ஐம்பத்து நாலு. ஆசானுக்கு முப்பத்தொன்று.

வெளியே இருக்கும்போது சீடர் தெய்வசிகாமணி, திண்டுக்கல்லில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். ஆசான் ஜெசிந்தா, பனியன் கம்பெனியில் தையல் பிசகிய உருப்படிகளைப் பார்த்துக் கழிக்கிற வேலை செய்பவள். உள்ளே வந்துவிட்டால் அவள் சொல்வதை இவர் கேட்க வேண்டும்.

உள்ளே என்பது வேடசந்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலை. வருஷத்தில் மூன்று நாள் அங்கே ‘சாம்பல் காலம்’ என்றொரு விளையாட்டு நடக்கிறது. நாற்பது நாள் வானத்திலிருந்து சாம்பல் கொட்டி உலகம் அழிந்துபோனதாம். மிஞ்சிய எண்பது பேர் அந்த மில்லுக்குள் பிழைத்துக் கிடக்கிறார்களாம். ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு தொழில். காலையில் மில் சங்கு ஊதினால் ஆட்டம் தொடங்கும். மாலை ஐந்துக்கு ஊதினால் அன்றைக்கு முடியும். நடுவில் யாரும் வெளி உலகத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு அலைவார்கள். உலகம் உண்மையாகவே அழிந்தால் இவர்களில் பாதிப் பேர் பற்பசை இல்லாத கவலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

சிகாமணி இதற்கு வந்த காரணம் ஒன்றுதான். முப்பது வருஷமாகக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுக்கிறார். வாங்கிப் போனவர்களில் ஒருவருக்காவது நோய் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்ததில்லை. வாங்குவார்கள், போவார்கள். பிறகு அவர்கள் பிழைத்தார்களா என்பது அவர்கள் வீட்டுக்குத்தான் தெரியும். இங்கே மருந்து சாப்பிட்ட ஆள் எதிரிலேயே எழுந்து நிற்பான் என்று யாரோ சொன்னார்கள். அதற்காக வந்தார்.

ஆட்டத்தில் அவர் சேர்ந்தது ஜெசிந்தாவின் மருந்தாளர் குழுவில். மருந்து செய்கிற முறை எளிது. மில்லைச் சுற்றியுள்ள காட்டில் செடிகளில் பச்சைத் துணி கட்டியிருப்பார்கள். பச்சைத் துணி கட்டிய செடிதான் காய்ச்சல் மூலிகை. செடி என்ன செடி என்பது கணக்கில்லை. அந்தத் துணி ஒன்று, இரும்புக் குவியலில் தேடி எடுத்த விரல் நீளச் செம்புக் கம்பி ஒன்று. இரண்டையும் ஆட்டத்தை நடத்துகிற நடுவரிடம் கொடுத்தால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் தருவார். அதை உரலில் போட்டு முந்நூறு இடி இடித்து, மணலும் கரியும் போட்ட பானையில் வடித்த தண்ணீர் தெளித்து உருண்டை பிடிக்க வேண்டும். இடிகளை எண்ணுவது இடிப்பவரே. இடித்து முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மருந்து கெட்டது.

முதல் நாள் காலையிலேயே சிகாமணி கேட்டார்.

“நோவும் பொய், மூலிகையும் பொய். இதுக்குப் போயி எதுக்கு ஆசான் முந்நூறு தடவை இடிக்கணும்?”

ஜெசிந்தா உலக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பொய்யா ஒரு இடி இடிச்சுக் காட்டுங்கண்ணே.”

சிகாமணி உலக்கையைத் தூக்கிப் போட்டார். உரல் அதிர்ந்தது. மெதுவாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் ஒரு இடிதான். கை நோகாமல் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. எப்படிப் போட்டாலும் கடலை உடைந்தது. உலக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மதியமே அவர் ஒரு ஆளைக் கொன்றார்.

கொல்லப்பட்டவன் வரதன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாலு வருஷமாக இந்த ஆட்டத்தில் மில் வாசல் காவல்காரனாக இருந்தான். எல்லாருக்கும் வேண்டியவன். அவனுக்குச் சாம்பல் காய்ச்சல் என்று நடுவர் சொல்லிவிட்டார். சிகாமணி மூலிகை தேடிப் போனார். பாய்லர் அறைக்குப் பின்னால் பச்சைத் துணி கண்ணில் பட்டது. ஆனால் அது கட்டியிருந்தது ஊமத்தையில்.

ஊமத்தையைக் காய்ச்சலுக்குக் கொடுப்பதா? கடையில் ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கேட்டால்கூட, எதற்கு, யாருக்கு, பெரியவர்கள் எங்கே என்று நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர் அவர். கை நீள மறுத்தது. பத்தடி தள்ளி நல்ல நொச்சி தழைத்து நின்றது. கொத்தாக ஒடித்து வந்து, கசக்கி, ஆவி பிடிக்க வைத்தார். வரதனும் போர்வைக்குள் தலையை விட்டுச் சமர்த்தாக மூச்சு இழுத்தான்.

நடுவர் வந்து போர்வையை விலக்கினார்.

“துணி எங்க?”

“துணி இல்ல. ஆனா இது நொச்சி. அசல் மருந்து.”

“சாம்பல் விழுந்த மண்ணுல துணி இல்லாத தழை எல்லாம் விஷம். ஆள் போயிட்டார்.”

வரதன் போர்வைக்குள் இருந்தபடியே சிகாமணியைப் பார்த்தான். செத்தவர் பேசக்கூடாது. நாலு வருஷம் இடுப்பில் கிடந்த சாவிக்கொத்தைக் கழற்றி நடுவரிடம் கொடுத்துவிட்டு, தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்போது அவன் கண் கலங்கியிருந்ததைச் சிகாமணி பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் தன்மேல் வந்து விழும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

செய்தி மில் முழுக்கப் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

“ஆயிரம் பேரைக் கொன்னாத்தானே அரை வைத்தியன்? அண்ணன் இப்பத்தான ஒண்ணு முடிச்சிருக்காரு” என்றான் ஒருத்தன்.

அது ஆயிரம் பேரைக் கொன்றவன் அல்ல, ஆயிரம் வேரைக் கண்டவன் என்று சொல்ல சிகாமணிக்கு நாக்கு வரை வந்தது. கண்ட வேர்கள்தான் காலை வாரிவிட்டன என்பதால் பேசாமல் இருந்தார்.

மருந்தாளர் குழுவின் வழக்கம் கண்டிப்பானது. மருந்தால் ஆளைக் கொன்றவர் மூன்றாம் நாள் கடைசிச் சங்குக்குள் ஒரு நோயாளியையாவது பிழைக்க வைக்க வேண்டும். அந்த நோயாளியும் தானாக மனம் ஒப்பி வந்து மருந்து வாங்க வேண்டும். இல்லையென்றால் குழுவில் பெயர் கிடையாது. இனி எந்த வருஷமும் உரலைத் தொட முடியாது.

அன்று மாலைச் சங்குக்குப் பிறகு மனைவி மில் வாசலுக்கு வந்து, வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். உரலைத் தொடாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலை சங்கு ஊதியதும் வரதன் வாசல் வழியாக உள்ளே வந்தான். வெள்ளைத் துணி இல்லை. தோளில் ஒரு மூட்டை. சிகாமணி எழுந்து ஓடினார்.

“வரதா, நில்லுப்பா.”

“யாருங்க வரதன்? எம்பேரு முத்தையன். உப்பு விக்கிறேன். மேக்க இருந்து வர்றேன்.”

“இல்லப்பா, நேத்து நான்...”

நடுவர் குறுக்கே வந்தார். செத்தவர் மறுநாள் வேறு ஆளாக வரலாம். முன் பிறவி ஞாபகம் அவருக்கு இருக்காது. அதை ஞாபகப்படுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை. முத்தையன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, உப்பு, உப்பு என்று கூவியபடி போனான்.

சிகாமணி ஆசானிடம் வந்தார்.

“அவங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். எப்பிடிக் கேக்குறது?”

“வரதன் செத்துட்டாரு. முத்தையன் இன்னைக்குத்தான் வந்திருக்காரு. யாருகிட்டக் கேக்கப் போறீங்க?”

“அப்ப நான் என்ன செய்யட்டும்?”

ஜெசிந்தா உரலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“யாருக்கு இடிக்க? எங்கிட்ட யாரும் வர மாட்டேங்குறாங்களே” என்றார் சிகாமணி.

“இடிங்க.”

இடித்தார். அன்றைக்கு மூன்று உருண்டை செய்தார். ஒவ்வொன்றுக்கும் காட்டுக்குப் போய்த் துணி கொண்டுவந்து, கம்பி பொறுக்கி, தண்ணீர் வடித்து, வாயை மூடிக்கொண்டு முந்நூறு. நூற்றுத் தொண்ணூறில் கணக்குத் தப்பியபோது ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கேட்க ஆளில்லைதான். ஆனால் ஏற்கெனவே ஒருத்தன் போய்விட்டான். சாயங்காலச் சங்கோடு மருந்தின் வீரியம் போய்விடும். மூன்றையும் அணில்கள் தின்றன. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. துணி சுற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் வரை அதே கதை. அவர் கூடாரத்துப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. நாலு மணிக்கு நடுவர் ஒரு கூட்டத்துக்கே காய்ச்சல் என்று அறிவித்தார். கடைசிச் சங்குக்குள் மருந்து கிடைக்காவிட்டால் சாவு. எல்லாரும் ஜெசிந்தாவின் கூடாரத்துக்கு ஓடினார்கள். அவள் இடுப்புப் பையில் தயாராக உருண்டைகள் இருந்தன.

ஒருத்தன் மட்டும் ஓடவில்லை. நடுங்கிக்கொண்டே வந்து சிகாமணியின் எதிரில் உட்கார்ந்தான். முத்தையன்.

“காச்சலுங்க. மருந்து கிடைக்குமா?”

சிகாமணி ஜெசிந்தாவின் கூடாரத்தைக் கை காட்டினார்.

“அங்க ஆசான் இருக்காங்க. ரெடியா வச்சிருக்காங்க.”

“அங்க கூட்டமா இருக்கு. இங்க காலியா இருக்கு.”

கையில் ஒரு துணியும் கம்பியும் இருந்தன. நடுவரிடம் கொடுத்துக் கடலையும் வெல்லமும் வாங்கினார். இடிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. முத்தையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். நன்றாக நடுங்கினான். நூறு தாண்டியது. நூற்று ஐம்பது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே முகம்தான் போர்வைக்குள் இருந்து பார்த்தது. இருநூற்றுப் பத்தில் அவர் நெஞ்சு உடைந்தது.

“வரதா, என்னைய மன்னிச்சிருப்பா. தெரியாமப் பண்ணிட்டேன்.”

உலக்கை நின்றது. நடுவர் அங்கேதான் நின்றிருந்தார்.

“வாய் திறந்துட்டீங்க. மருந்து கெட்டுது.”

உரலில் இருந்ததை நடுவரே அள்ளி வெளியே போட்டார். முத்தையன் ஒன்றும் விளங்காதவனைப் போலப் பார்த்தான். பிறகு ஒரு கணம் அது முத்தையன் முகமாக இல்லை. இரண்டாம் தடவையும் இந்த மனுஷன் கையாலேயே போகப்போகிறோமே என்று நினைக்கிற வரதனின் முகமாக இருந்தது. உடனே தலையைக் குனிந்து மறுபடி நடுங்க ஆரம்பித்தான்.

மணி நாலே கால்.

சிகாமணி ஆசானின் கூடாரத்துக்கு ஓடினார்.

“ஆசான், உங்ககிட்ட உள்ளத அவனுக்குக் குடுத்துருங்க. என் பேர் போனாப் போகுது. நான் கெளம்பிக்கிறேன்.”

ஜெசிந்தா பையை உதறிக் காட்டினாள். கடலைத் தூள் மட்டும் உதிர்ந்தது.

“அவரு எங்கிட்ட வரலையே. உங்ககிட்டத்தான வந்தாரு?”

“துணி இல்ல. நேரம் இல்ல.”

“பாய்லர் பக்கம் ஒண்ணு இருக்கு. போய்ட்டு வாங்க.”

பாய்லர் அறைக்குப் பின்னால் இருப்பது எது என்று அவருக்குத் தெரியும். ஓடினார். ஐம்பத்து நாலு வயது முழங்கால் ரெண்டும் முனகின. ஊமத்தை அங்கேயே நின்றது, வெள்ளைப் பூவும் முள்ளுக் காயுமாக. முதல் நாள் பார்த்த அதே துணி. இந்த மூன்று நாளில் எல்லாரும் பறித்துப் போன காட்டில் இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை போலும். கை கொஞ்சம் தயங்கியது. முப்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? தயங்கிய கையாலேயே முடிச்சை அவிழ்த்தார்.

இரும்புக் குவியலில் செம்பு கிடைக்கவில்லை. மண்டியிட்டுக் கிளறினார். பழைய மோட்டார் ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு சுருள் மாட்டியது. பல்லால் கடித்து விரல் நீளத்துக்கு ஒடித்தார். பானையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வடிந்தது. அதை அவசரப்படுத்த வழியில்லை. டம்ளர் நிறையும்வரை நின்றார்.

கூடாரத்துக்கு வந்தபோது மணி நாலு நாற்பது. தங்கள் காய்ச்சல் தீர்ந்துவிட்டதால் மற்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஆயிரம் பேர் கணக்குச் சொன்னவனும் இருந்தான். இப்போது அவன் வாயில் கேலி இல்லை.

சிகாமணி துணியையும் கம்பியையும் நடுவரிடம் கொடுத்துக் கடலையும் வெல்லமும் வாங்கி உரலில் போட்டு, உலக்கையை எடுத்தார். எதிரே அதே முகம். தொண்டைக்குள் அதே வார்த்தைகள் வந்து நின்றன. இந்த வாயை நம்ப முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

“வாயில வச்சுக்கங்க. முழுங்காதீங்க.”

வாங்கி வாய் நிறைய வைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்று. இரண்டு.

கைத்துணி நழுவியது. கொப்புளம் உடைந்தது. உலக்கை வழுக்காமல் இறுக்கிப் பிடித்தார். நூறில் தோள் எரிந்தது. நூற்று நாற்பதில் கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை. வாய்த் தண்ணீர் சூடாகிவிட்டது. மன்னிச்சிரு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இருநூற்றுப் பதினொன்று என்று அதன்மேல் எண்ணைப் போட்டார். மறுபடி கேட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு. பிறகு கேட்கவில்லை. கடலை மட்டும் இருந்தது, அது தூளாகும் சத்தம் மட்டும் இருந்தது. எதிரில் இருந்தவன் வரதனா முத்தையனா என்பதுகூட மறந்துபோனது. காய்ச்சல்காரன் ஒருத்தன் காத்திருக்கிறான். அவ்வளவுதான்.

முந்நூறு.

தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். உருண்டை பிடித்து நீட்டினார்.

முத்தையன் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் ஒரு கணம் நின்றது. முத்தையனுக்குத் தயங்க ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் அந்தக் கை தயங்கியது. சிகாமணி அதைப் பார்த்தார். உருண்டையை முன்னே தள்ளவில்லை, பின்னே இழுக்கவுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

முத்தையன் எடுத்து வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான்.

நடுவர் அவன் நெற்றியில் கை வைத்தார். உரலைப் பார்த்தார். சிகாமணியைப் பார்த்தார்.

“எத்தனை?”

சிகாமணி இரண்டு கைகளாலும் விரலை மடக்கி மூன்றும் இரண்டு சுழியும் காட்டினார். வாயில்தான் தண்ணீர் இருக்கிறதே.

“காய்ச்சல் விட்டுருச்சு” என்றார் நடுவர்.

முத்தையன் எழுந்து நின்றான். எதிரிலேயே, ஒரு முழத் தூரத்தில், தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றான். சிகாமணி முப்பது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

சங்கு ஊதியது.

எல்லாரும் ஒரேயடியாகச் சத்தம் போட்டார்கள். சாக்குகள் பறந்தன. இனிமேல் யாருக்கும் வேஷம் இல்லை. பூட்டி வைத்திருந்த கைப்பேசிகளை நடுவர் எடுத்துக் கொடுத்தார். “சிகாமணி சார், குழுவுல உங்க பேர் நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆயிரம் பேர் கணக்குச் சொன்னவன் வந்து கையைக் குலுக்கினான். கொப்புளம் வலித்தது. சிகாமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஓரமாகப் போய்த் தண்ணீரைத் துப்பினார். தாடை விட்டுப்போயிருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டார்.

குழாயடியில் வரதன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லி, வாய்விட்டுச் சிரித்தான். பல்லிடுக்கில் மாட்டியிருந்த கடலைத் தூளை நாக்கால் துழாவித் தின்றான். சிகாமணியைப் பார்த்ததும் ஈரக் கையைத் தூக்கி ஆட்டினான்.

“அண்ணே, டீக்கு வாங்க. அடுப்பு பத்த வச்சுட்டாங்க.”

“வர்றேம்பா” என்றார். கால் அந்தப் பக்கம் நகர்ந்தது. பிறகு நின்று ஜெசிந்தாவிடம் திரும்பினார். அவள் உரலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆசான், ஆட்டந்தான் முடிஞ்சுதே. இப்ப அவன் வரதந்தான. இப்பவாச்சும் மன்னிப்புக் கேக்கலாமில்ல?”

ஜெசிந்தா குழாயடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“காச்சல் விட்டவருக்கு இன்னொரு உருண்டை எதுக்குண்ணே?”